லென்ஸ் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு: பெட்டியில் தூரத்தையும் அச்சிடுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். கழுகு, பருந்து, வல்லூறு என்று வேட்டைப் பறவைகளின் பின்னால் அலைபவர்கள் உங்கள் நீள லென்ஸ்களை விடாமல் வாங்குகிறவர்கள். அந்த உரிமையில் சில விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலில் விளம்பரப் படம். ஃப்ரேம் முழுக்கக் கழுகின் முகம், அலகின் ஓரத்தில் இருக்கும் கீறல்கூடத் தெரியும். கீழே 600 மி.மீ. என்ற குவிய நீளம் (இது கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு, ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) எல்லாம் போட்டிருப்பீர்கள். பறவை எத்தனை மீட்டரில் இருந்தது? படத்தின் ஓரங்களை எவ்வளவு வெட்டி (கிராப்) எடுத்தீர்கள்? அது காட்டுப் பறவையா, கூப்பிட்டால் கையில் வந்து உட்காரும் வளர்ப்புப் பறவையா? அதெல்லாம் கண்ணில் படுவதே அபூர்வம்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படம் பதியும் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 600 மி.மீ. லென்ஸை மாட்டினால் 50 மீட்டர் தூரத்தில் ஃப்ரேமுக்குள் அடங்குவது 3 மீட்டர் அகலம். சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் இருக்கும் விராலடிப்பான் (மீன் பிடிக்கும் வேட்டைப் பறவை) அதில் பாதியை நிறைக்கும். அருமையான படம் வரும். அதுவே 100 மீட்டரில் கால்வாசிதான். அந்தத் தூரத்தில் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பொரி வல்லூறு, 40 செ.மீ. உயரம் என்றே வைத்துக்கொள்வோம், ஃப்ரேம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வரும்.

இது தெரியாமல் சேமிப்பைக் கொட்டி லென்ஸ் வாங்கியவர் அடுத்து என்ன செய்வார்? இன்னும் கிட்டப் போவார். 400-இலிருந்து 600-க்கு மாறினால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகும், அதற்கு ஏகப்பட்ட பணம். 100 மீட்டரை 50 ஆக்கினால் இரண்டு மடங்கு, காசே வேண்டாம். ஆனால் கூட்டில் முட்டையோ சின்னக் குஞ்சோ இருக்கும்போது இவரைப் பார்த்துத் தாய் எழுந்து போனால், வெயிலோ குளிரோ குஞ்சைத் தாக்கும், காகமும் காத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: 25, 50, 100, 200 மீட்டரில் இந்த லென்ஸில் ஒரு பருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நான்கு சின்னப் படங்களைப் பெட்டியில் அச்சிடுங்கள். வாங்குவதற்கு முன்பே மனசு தெளிந்துவிடும்.

அடுத்தது எடை. கிளையில் இருக்கும் கழுகு கிளம்புவதற்கு முன் உடம்பை முன்னால் சாய்க்கும், பல நேரம் வாலைத் தூக்கி எச்சத்தைப் பீய்ச்சும், அப்புறம் காற்றை எதிர்த்துத் தாவும். நமக்குக் கிடைப்பது அந்த ஓரிரு நொடிதான். மூன்று கிலோ லென்ஸை மடியில் வைத்திருப்பவர் அதைத் தூக்குவதற்குள் வால் பக்கம்தான் மிஞ்சும். கேனான் 1993-இல் கொண்டுவந்த 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் வெறும் 1.25 கிலோ (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும், எண் கூடினால் வெளிச்சம் குறையும்). அதிர்வுத் தடுப்புகூடக் கிடையாது. ஆனாலும் பறக்கும் பறவைக்கு என்றால் பலர் அதைத்தான் தேடினார்கள். நிக்கான் 2018-இல் தந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கியது. இந்த வகையில் இன்னும் நிறைய வேண்டும், நடுத்தர வருமானக்காரருக்கு எட்டும் விலையில் வேண்டும்.

மலிவாகவும் லேசாகவும் எஃப்/11 லென்ஸ்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எஃப்/5.6-இல் வரும் வெளிச்சத்தில் கால்வாசிதான் அதில் வரும். பாயும் வல்லூறுக்கு ஷட்டர் 1/2000 நொடியோ அதைவிட வேகமாகவோ வேண்டும். விடிகாலையில் ஐஎஸ்ஓ 1600-இல் முடிகிற வேலை 6400-க்கு ஏறிவிடும். சரி, நல்ல வெயிலில் எடுக்கலாமே என்றால் அங்கே வேறு வம்பு. தரை சூடாகி எழும் காற்றில்தான் கழுகு வட்டமடித்து மேலே போகிறது, அந்தக் காற்றேதான் படத்தை நெளிய வைக்கிறது. லென்ஸ் நீள நீள நெளிவும் பெரிதாகத் தெரியும். 800 மி.மீ. வாங்கிவிட்டு மதிய வெயிலில் தூரத்துப் பறவையை எடுத்து, லென்ஸில் கோளாறு என்று திருப்பிக் கொடுக்க ஓடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கக் கூடாதா?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப், அதாவது முக்கால்வாசி போகும். எஃப்/6.3 ஜூமில் இரண்டாவதை மாட்டினால் கிட்டத்தட்ட எஃப்/13. விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எந்தத் தூரத்துக்குள் மட்டும் ஃபோகஸ் தேட வேண்டும் என்று சொல்லும் ஃபோகஸ் எல்லைச் சுவிட்சை நாங்களே அமைத்துக்கொள்ள விடுங்கள். முன்னால் அசையும் புல்லில் ஃபோகஸ் போய் மாட்டிக்கொள்வதற்குள் பூனைப்பருந்து தாழப் பறந்து கடந்துவிடுகிறது. அப்புறம் லென்ஸை முக்காலியில் பொருத்தும் அந்த ட்ரைபாட் ஃபுட். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸின் அடியில் முக்காலித் தலையில் நேராக மாட்டும் ஆர்கா-ஸ்விஸ் பள்ளம் இல்லாமல், தனியாக ஒரு தட்டு வாங்கித் திருக வேண்டியிருக்கிறது, பாதி வழியில் அது தளர்ந்து லென்ஸ் திரும்பிக்கொள்கிறது. உலோகத்தில் இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவுகிற வேலைதான் அது. இதை மட்டுமாவது அடுத்த மாடலிலேயே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
தோள்பட்டை வலியுடன் ஒரு வாடிக்கையாளர்