கட்டண விசாரணைக்கு வாருங்கள்: மின் பொறியியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

முப்பது வருடம் நூற்பாலைகளில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் கட்டண விசாரணை, அதாவது மின்கட்டணக் கருத்துக் கேட்புக் கூட்டம், பக்கத்தில் எங்கே நடந்தாலும் போய்விடுவேன். அப்படி ஒரு கூட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மைக்கைப் பிடித்தார். கையில் நாலாக மடித்த கரண்ட் பில். "மத்தியானம் ஊரெல்லாம் சோலார் ஓடுது. அந்த நேரத்துல கரண்ட் மலிவாத்தானே இருக்கணும்? எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது?" என்று கேட்டார். அவருக்குக் கொடுத்த நேரம் முடிந்தது, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அரங்கில் விவசாயிகள் இருந்தார்கள், மில்காரர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள். மின் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்கூட இல்லை. பட்டறைக்காரர் கேட்டதற்கு நீங்கள் வந்திருந்தால் பதில் சொல்லியிருக்க முடியும். இந்த மடலை எழுத வைத்தது அந்த ஆற்றாமைதான்.

அதே கேள்விக்குப் பின்னால் பத்து வருடம் போன ஒரு பேராசிரியரை உங்களுக்குப் பெயரளவிலாவது தெரிந்திருக்கும்: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் ஷ்வெப்பி. நீங்கள் முதுகலை வகுப்பில் நடத்தும் ஸ்டேட் எஸ்டிமேஷன், அதாவது மீட்டர் அளவுகளை வைத்து கிரிட்டின் (மின்நிலையங்களையும் லைன்களையும் கோத்த வலையமைப்பின்) நிலையைக் கணிக்கும் முறை, அவர் கொடுத்தது. 1965 நவம்பர் 9 மாலை நயாகரா பக்கத்தில் ஒரு ரிலே (சுமை மீறினால் லைனைத் துண்டிக்கும் காவல் கருவி) தவறான அளவில் வைக்கப்பட்டிருந்ததால் ஆரம்பித்த கோளாறு, நியூயார்க் வரை சுமார் 3 கோடிப் பேரை இருட்டில் தள்ளியது. லைன்களில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கே முழுசாகத் தெரியவில்லை. ரேடார் சமிக்ஞைகளில் இரைச்சலைப் பிரித்தறியும் கணக்கில் தேர்ந்தவர் ஷ்வெப்பி. மீட்டர்களில் சில பொய் சொல்லும், சில பேசவே பேசாது. இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிரிட்டின் உண்மை நிலையைக் கணிக்க முடியும் என்று 1970-ல் காட்டினார்.

அதன் அருமை 2003 ஆகஸ்ட் 14 அன்று தெரிந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியைக் கண்காணித்த மையத்தில் ஒருவர் பழுது பார்ப்பதற்காக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் அந்தக் கணிப்பின் தானியங்கி இயக்கத்தை நிறுத்தினார். பழுதைச் சரிசெய்தார். திரும்பப் போட மறந்து சாப்பிடப் போய்விட்டார். அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேருக்குக் கரண்ட் போனது. காரணங்கள் பல உண்டு. விசாரணை அறிக்கையில் இந்தச் சாப்பாட்டு வேளையும் பதிவாகியிருக்கிறது.

ஸ்டேட் எஸ்டிமேஷன் ஒன்றே ஒரு வாழ்நாளுக்குப் போதும். ஷ்வெப்பி அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி, மின்கட்டணமும் ஏறியபோது அவர் கட்டணத்தின் பக்கம் திரும்பினார். உற்பத்திச் செலவு மணிக்கு மணி மாறுகிறது, வாடிக்கையாளரிடம் மட்டும் வருடம் முழுக்க ஒரே விலை. இது சரியா என்று கேட்டார். 1980-ல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் மின் அமைப்பை மனித உடலைப்போலப் பார்த்தார்: வெயிலில் உடம்பு தானாக வியர்த்துக்கொள்கிற மாதிரி, பற்றாக்குறை வந்தால் தேவை தானாகக் கொஞ்சம் அடங்க வேண்டும். ஒரு சின்னக் கருவியையும் யோசித்தார். ஃபிரிட்ஜ் கிரிட்டின் அலைவெண்ணை, அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, பார்த்துக்கொண்டே இருக்கும்; உற்பத்தியைவிடத் தேவை கூடினால் அது இறங்கும். அப்படி இறங்கினால் கம்ப்ரஸரைச் சிறிது நேரம் தள்ளிப்போடும். உள்ளே இருக்கும் பால் கெடாது, கிரிட்டும் பிழைக்கும்.

அப்புறம் இடம். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி கொட்டிக் கிடக்கிறது, சென்னைக்குப் போகும் சாலை அடைத்துவிட்டது என்று வையுங்கள். அங்கே விலை விழும், கோயம்பேட்டில் ஏறும். லைன் நிரம்பிவிட்டால் மின்சாரத்துக்கும் அதே கதிதான். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நேரத்திலும் கூடுதலாக ஒரு யூனிட் கொடுக்க ஆகும் செலவு, வழியில் ஆகும் இழப்பு, நெரிசல் எல்லாம் சேர்ந்ததே அங்கத்திய விலை என்பதைக் கரமானிஸ், டேபர்ஸ், போன் ஆகிய சகாக்களோடு சேர்ந்து கணக்காக எழுதினார். லோடு ஃப்ளோ, அதாவது எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்ற கணக்கு, தெரியாதவர் எழுதியிருக்க முடியாத பொருளாதாரம் அது. புத்தகம் 1988-ல் வந்தது. அதே வருடம் அவர் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, 1998-ல், பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து பகுதிகளை இணைக்கும் பி.ஜே.எம். சந்தையில் இடத்துக்கு இடம் விலை நடைமுறைக்கு வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

இந்த யோசனை ஏழைகளைச் சுடும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான பயம். 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சாஸில் மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட்டுக்கு 9 டாலர் என்று நாள்கணக்கில் நின்றது. மொத்தச் சந்தை விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளும் திட்டத்தில் சேர்ந்திருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது. என்னைக் கேட்டால், அதற்காகவே நீங்கள் விசாரணைக்கு வர வேண்டும். எவ்வளவு ஏற்ற இறக்கத்தை யார் தலையில் வைக்கலாம், யாருக்கு நிலையான விலை வேண்டும், எங்கே உச்சவரம்பு போடுவது என்பதையெல்லாம் கிரிட்டும் கணக்கும் தெரிந்தவர்கள் பொது இடத்தில் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

நமக்கு இது புதிதும் இல்லை. நம் தென் மண்டல கிரிட்டிலேயே 2003-லிருந்து மாநிலங்கள் தங்களுக்கு ஒதுக்கிய அட்டவணையை மீறி இழுக்கும் மின்சாரத்துக்கு அலைவெண்ணை வைத்து விலை போட்டார்கள்: அலைவெண் இறங்க இறங்க விலை ஏறும், 50.5 ஹெர்ட்ஸைத் தொட்டால் பூஜ்ஜியம். அதற்கு முன், 50-ல் நிற்க வேண்டியது 48-க்கு அருகில் தள்ளாடிய அலைவெண் எவ்வளவு மோட்டார்களைப் படுத்தியது என்று மில்லில் இருந்த எனக்குத் தெரியும். இப்போது 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், சூரிய ஒளி நேரத்தில் விலையைக் குறைத்து உச்ச நேரத்தில் கூட்டும் கட்டணத்தை நாடு முழுக்கக் கொண்டுவரச் சொல்கின்றன. எந்த மணி உச்சம், எவ்வளவு கூட்டலாம் என்பதை மாநில ஆணையங்கள் முடிவு செய்யும். பட்டறைக்காரரின் கேள்வி அங்கேதான் தீரும்.

சட்டம் உங்களுக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டுத்தான் கட்டணம் போட வேண்டும் என்கிறது. 87-ஆம் பிரிவு மாநில ஆலோசனைக் குழுவில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கிறது. 94-ஆம் பிரிவின்படி நுகர்வோர் சார்பில் வாதாட ஒருவரை ஆணையமே நியமிக்கலாம். புனேயின் பிரயாஸ் என்ற தொண்டு அமைப்பில் கிரீஷ் சந்த் போன்ற பொறியாளர்கள், தொண்ணூறுகளில் அமெரிக்க என்ரான் கம்பெனியின் தபோல் மின்நிலையத்துக்கான மின் கொள்முதல் ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவர்கள் கையில் எந்தப் பதவியும் இருக்கவில்லை.

பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள், விசாரணையில் பேசியதற்கு மதிப்பெண் இல்லை என்று ஒரு இளம் பேராசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொல்வது உண்மை. துறைத் தலைவர்கள் மனது வைத்தால் இதை மாற்றலாம். அதுவரை ஒரு சின்ன வேலை கேட்கிறேன். அடுத்த கட்டண மனு வெளியானதும் அதில் லைன் இழப்பு, மணிவாரித் தேவை, மின் கொள்முதல் விலை ஆகிய அட்டவணைகளைப் பிரித்து இறுதியாண்டு மாணவர்கள் நால்வரிடம் புராஜெக்ட்டாகக் கொடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடுதலாக ஒரு யூனிட்டுக்கு என்ன செலவு, இரவு எட்டு மணிக்கு என்ன செலவு என்று போட்டுப் பார்க்கட்டும். வந்த விடையைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, ஆட்சேப மனுவாகக் கொடுத்து, விசாரணை நாளில் அந்தப் பிள்ளைகளையே மைக் முன்னால் நிறுத்துங்கள். அந்தப் பட்டறைக்காரரை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைப் பொறியாளர் ஒருவர்