ரரோடோங்கா: விடுதிக்கு வெளியே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பசிபிக் தீவுகள் பற்றிய உங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை விடுதிகளோடு நின்றுவிட்டது. ஆக்லாந்தில் இருக்கும் மகளுடன் குக் தீவுகளின் ரரோடோங்காவுக்குப் போய்வந்தவள் என்பதால் எழுதுகிறேன். ஆக்லாந்திலிருந்து சனிக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம், நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு!

தீவைச் சுற்றும் சாலையே 32 கிலோமீட்டர்தான். பேருந்து கடிகாரச் சுற்றில் ஒன்று, எதிர்ச்சுற்றில் ஒன்று, அவ்வளவுதான். தலைநகர் அவருவா பக்கமிருந்து தீவின் குறுக்கே நடந்தோம். மர வேர்களைப் பிடித்து ஏறி, 413 மீட்டர் உயர ஊசிப்பாறையின் அடியில் நின்றபோது முழங்கால் வலியே மறந்துபோனது. கீழே அடர்காடு, அதற்கப்பால் கடல்.

அப்புறம், முக்கியமான விஷயம். முரி காயலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே வண்ண மீன்களைப் பார்க்கலாம். ஆனால் பவளத்திட்டில் இடைவெளி உள்ள இடங்களில் காயல் நீர் வெளிக்கடலுக்கு வேகமாக இழுக்கும். தெற்குக் கரையின் அவாவரோவா அப்படிப்பட்ட இடம். உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் அங்கே இறங்கவே கூடாது. அடுத்த முறை எழுதும்போது இதையும் தயவுசெய்து சேருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.