29 லட்சத்துக்குள் வராதவை

அன்புள்ள செல்வாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு கட்ட நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். 1,200 சதுர அடி, அடிக்கு 2,400, ஆக 28,80,000. சில்லறைச் செலவுக்கு இருபதாயிரம் சேர்த்து 29 லட்சம் என்று கோடு போட்டு முடித்துவிட்டாய். பெருக்கலில் தப்பில்லை. 1998-ல் உன் அப்பாவும் இப்படித்தான் ஒரு நோட்டில் கோடு போட்டார். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

போன ஞாயிறு நம் இடத்தைப் பார்க்கப் போனேன். கோவில்பட்டி வெயில்தான் உனக்குத் தெரியுமே. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் குடையை விட்டுப் பார்த்தேன், பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. மழை பெய்தால் இதே மண் ஊதி வெடிப்பை மூடிக்கொள்ளும். சுருங்கி, ஊதி, வருஷா வருஷம் அசைகிற மண். பக்கத்துத் தெருவில் குடிவந்து இரண்டு வருஷம் ஆகாத வீட்டில், ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக விரிசல் ஓடுகிறது. புது பெயின்ட் அடித்தும் மறையவில்லை.

காண்ட்ராக்டர் கொடுத்த தாளை நீ முழுக்கப் படித்தாயா? வானம், அதாவது அஸ்திவாரக் குழி, ஐந்து அடி வரைதான் 2,400-க்குள் அடக்கம். அதற்குக் கீழே போனால் தனிக் காசு என்று மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார். ஆகவே முதலில் மண் பரிசோதனை. கெட்டித் தரை எத்தனை அடியில் இருக்கிறது, கரிசலை அள்ளிவிட்டுச் சரள் போட்டு இறுக்கினால் போதுமா, ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூணான பைல்தான் போட வேண்டுமா என்று இன்ஜினியர் எழுதித் தரட்டும். அது தெரியாமல் போட்ட எந்தத் தொகையும் குத்துமதிப்புதான்.

அப்புறம், அந்தத் தாளில் இல்லாதவை. நம் இடம் 33-க்கு 66, ஐந்து சென்ட். சுற்றளவு 198 அடி. காம்பவுண்ட் சுவருக்கு நீளத்தில் அடிக்கு 1,300 கேட்கிறார், 2,57,400 ஆகிறது. கேட் தனி. தண்ணீர்த் தொட்டி எட்டாயிரம் லிட்டர், செப்டிக் டேங்க் ஆறாயிரம். லிட்டருக்கு 22 என்றால் 3,08,000. இவை மட்டுமே ஐந்தரை லட்சத்தைத் தாண்டுகின்றன. போர்வெல், மோட்டார், கரண்ட் இணைப்பு, பேஸ்மென்ட் நிரப்பும் மண் எதையும் நான் இன்னும் தொடவில்லை. பேஸ்மென்டை ரோட்டுக்கு மேல் மூன்று அடியாவது தூக்கச் சொல். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயரும், வீடு உயராது. பிளான் அனுமதிக்கு அலைச்சல் அதிகம் இருக்காது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம் என்றால் சுயசான்றிலேயே ஆன்லைனில் வாங்கலாம் என்று 2024-ல் கொண்டுவந்தார்களே, அதில் நாம் வந்துவிடுவோம்.

காண்ட்ராக்டரிடம் ஒன்று கேட்க மறக்காதே. 2025 செப்டம்பரில் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. இவர் ரேட் அதற்கு முந்தியது, இன்னும் அதையேதான் சொல்கிறார். குறைப்பாரா என்று கேள்.

பேங்க் விஷயம். 24 லட்சம் கடன், கையில் 5 லட்சம் என்கிறாய். பேங்க் மொத்தமாகத் தராது. அஸ்திவாரம் முடிந்தால் கொஞ்சம், கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் லிண்டல் வந்தால் கொஞ்சம், கூரை போட்டால் கொஞ்சம் என்றுதான் தரும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உன் காசில் எட்டிப் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லட்சம் மண்ணுக்கு அடியிலேயே போய்விட்டால் லிண்டலுக்கு எதை வைத்துக் கம்பி வாங்குவாய்? அங்கே வாடகை, இங்கே வாங்கிய வரைக்கும் வட்டி, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

என் யோசனை, வீட்டை ஆயிரம் சதுர அடியாகக் குறை. 4,80,000 மிஞ்சும், காம்பவுண்டுக்கும் தொட்டிக்கும் ஆகிற செலவில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். போர்ட்டிகோவைச் சுருக்கு, ஹாலைச் சுருக்கு. வித்யா கேட்ட பெரிய சமையலறையில் மட்டும் கை வைக்காதே. ஹாலில் நீ உட்காரப் போவது ராத்திரி ஒரு மணி நேரம்.

அப்பா நோட்டின் கடைசி வரி என்ன தெரியுமா? "மாடிப்படி கைப்பிடி – பிறகு." அந்தப் பிறகு வர ஆறு வருஷம் ஆயிற்று. உன் மூன்று வயதில் உன்னைப் பார்த்துச் "சுவரோரமாப் போ, சுவரோரமாப் போ" என்று கத்த ஆரம்பித்தவள், உனக்கு ஒன்பது வயது ஆகும்வரை கத்தினேன். நீ தடவித் தடவி ஏறின அழுக்குக் கோடு, இரண்டு தடவை வெள்ளையடித்தும் லேசாகத் தெரிகிறது.

மண் பரிசோதனைக்கு ஆள் வரும் தேதியைச் சொல். நான் போய் நிற்கிறேன். குடை என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா