வசந்தாவுக்கு, பெரியவளின் படிப்பைப் பற்றி

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள் மேசை நிறைய இருந்ததால் இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. அம்மாவுக்குச் செய்தபோது நான் அடுப்படிச் சுவரில் நேரம் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். வெயில் ஏறும் வரை திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிக்கிறாள். உன்னைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

சரி, உன் பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன். நாடாளுமன்ற நிர்வாகம், சட்டமியற்றும் முறை இதிலெல்லாம் முதுநிலைப் படிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள், அப்படி ஒரு படிப்பு உண்டா, நீ படித்தவளாயிற்றே, சொல் என்று கேட்டிருக்கிறாய். “அரசியலுக்கா போகப் போகிறாள்?” என்று அண்ணன் கவலைப்பட்டதாகவும் எழுதியிருக்கிறாய். படிப்பு உண்டு, வசந்தா. யாரும் சொல்லாமல் அவளே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள் பார், அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அண்ணனிடம் சொல், இது அரசியல்வாதி ஆவதற்கான படிப்பு இல்லை. நாடாளுமன்ற அவை நடப்பதற்கு வேலை செய்கிறவர்களின் படிப்பு.

1998இல் எம்.ஏ. முடித்த கையோடு நான் டில்லிக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. ஜங்ஷனுக்கு நீதான் வந்து வண்டி ஏற்றிவிட்டாய். அந்த ஒரு வருட டிப்ளமோவில் முதல் மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், படிப்பு எப்படிப்பட்டது என்று அதிலேயே புரியும்.

எங்களுக்கு நடைமுறை விதிகள் சொல்லிக்கொடுத்தவர் நாடாளுமன்றச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரி. ஆளுக்கொரு கேள்வி எழுதி வாருங்கள், மக்களவையில் ஓர் உறுப்பினர் கேட்கிற மாதிரி, என்றார். நான் பீடித் தொழிலாளர்களைப் பற்றி எழுதினேன். அம்மா மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றித்தானே என்னைப் படிக்க வைத்தாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். முதுகு வலி, இருமல், கூலி, எல்லாம் வந்துவிட்டது. அவர் அதை மெதுவாகப் படித்தார். பிறகு சிவப்பு மையால் “வஞ்சிக்கப்பட்ட” என்ற சொல்லை அடித்தார். “கண்ணீரும் கம்பலையுமாக” என்பதை அடித்தார். “அரசு இனியாவது உணருமா” என்ற வரியை முழுசாக அடித்தார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் 41ஆம் விதியைத் திறந்து காட்டினார். கேள்வி பொதுவாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அதில் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் கூடாது, அடைமொழி கூடாது, குத்தல் பேச்சு கூடாது. ஒருவருடைய கருத்தைக் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேட்கவும் கூடாது. பிறகு என்னைப் பார்த்து, “அடையாள அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “அமைச்சருக்கும் இப்போது தெரியாது. நீ கேட்டால் அவர் தெரிந்துகொண்டாக வேண்டும்” என்றார்.

கடைசியில் அந்தக் கேள்வி இப்படி ஆயிற்று. அட்டை பெற்ற பீடித் தொழிலாளர் மாநில வாரியாக எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், கடந்த 3 ஆண்டுகளில் கல்வி உதவித்தொகை பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அட்டை கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுக்க எடுத்த நடவடிக்கை என்ன. நாலே வரி. இரண்டு பக்கத்தில் நான் எழுதியது எல்லாம் அதற்குள் இருந்தது. அதற்கு மழுப்பிப் பதில் சொல்வதும் கஷ்டம். அந்தத் தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை இந்தத் துறையிலேயே இருத்திவிட்டது. “தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்” என்று அமைச்சர் பதில் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? தட்டிக் கழித்துவிட்டார் என்று நினைப்போம். ஆனால் அவை விதிகளின் கண்ணுக்கு அது ஓர் உறுதிமொழி. “பரிசீலனையில் இருக்கிறது”, “கவனிக்கிறேன்” என்பவைகூட அப்படித்தான். இன்னின்ன சொற்றொடர் சொன்னால் உறுதிமொழி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. மக்களவையில் 1953 முதல் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அரசு உறுதிமொழிக் குழு. 15 உறுப்பினர்கள். சொன்ன நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். நம் சட்டமன்றத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. இதை வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் சொல்.

ஆனால் குழு தானாக இயங்காது, வசந்தா. அன்றன்றைய அவை நடவடிக்கைகளைப் படித்து, எந்த வரி உறுதிமொழி என்று பிரித்தெடுக்க ஓர் ஆள் வேண்டும். எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கு வைக்க வேண்டும். அமைச்சகத்திலிருந்து வரும் விளக்கம் விளக்கம்தானா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அவையில் சொன்ன சொல்லைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். அரசமைப்புச் சட்டம் 98ஆவது பிரிவில் நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவைக்கும், 187ஆவது பிரிவில் மாநிலச் சட்டமன்றங்களுக்கும், தனிச் செயலகம் வைத்திருப்பது இதற்காகத்தான். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற இடத்தின் ஊழியர் அந்த அரசாங்கத்தின் கீழேயே இருந்தால் எப்படி? அவள் படிக்க ஆசைப்படுவது இந்த வேலைக்கான படிப்பு.

அந்த வருடம் நாங்கள் டில்லியில் இருந்தது ஒரு வகையில் கொடுப்பினை. 1999 ஏப்ரல் 17 உனக்கு ஞாபகம் இருக்கும், இங்கே டீக்கடை டீக்கடையாக அதுதான் பேச்சு. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்குக் கோரிய சனிக்கிழமை. விடுதி டிவி முன்னால் நிற்க இடமில்லை. ஆதரவு 269, எதிர்ப்பு 270 என்று வந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கிரிதர் கமாங் அப்போது ஒடிசாவின் முதலமைச்சராகி 2 மாதம் ஆகியிருந்தது, மக்களவை உறுப்பினர் பதவியை இன்னும் விடவில்லை. அவர் ஓட்டுப் போடலாமா கூடாதா என்று அவையில் பெரிய வாக்குவாதம். சபாநாயகர் பாலயோகி அதை அவர் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். கமாங் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் எங்கள் ஆசிரியர் யார் செய்தது சரி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது பிரிவை எடுங்கள் என்றார். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவர் 6 மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அங்கே இருக்கிறது. அந்த 6 மாதத்தில் அவர் இன்னோர் அவையின் உறுப்பினராகத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேரடியாக எங்கே விடை இருக்கிறது, தேடுங்கள் என்றார். மூன்று நாள் தேடினோம். விதியில் ஓர் இடைவெளி இருந்தால் அதன் வழியாக ஓர் அரசாங்கமே போய்விடும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அப்படிக் காட்டியிருக்காது.

இப்போது என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறதில் முக்கியமானது ஒரு மசோதாவைப் படிப்பது. முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், கடைசியிலிருந்து வாருங்கள் என்பேன். அங்கேதான் நோக்க காரண விளக்கம் இருக்கும், செலவு எவ்வளவு என்கிற நிதிக் குறிப்பு இருக்கும். எந்தெந்த விஷயத்தைப் பிறகு விதியாகப் போட்டுக்கொள்ள அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது என்கிற குறிப்பும் இருக்கும். அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை. சட்டத்தில் “வகுத்துரைக்கப்பட்டவாறு” என்று ஒரு சொல் வரும் இடத்தில் எல்லாம், விவரம் இன்னும் எழுதப்படவில்லை, அதிகாரிகள் பிறகு எழுதுவார்கள் என்று அர்த்தம். போன மாதம் ஒரு பையன் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தான். தாள் முழுக்க வட்டம். “மேடம், அப்போ சட்டம் எங்கே இருக்கு?” என்று கேட்டான். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

தமிழில் சட்டம் எழுதுவது தனிக் கலை. “செய்யலாம்” என்பதும் “செய்தல் வேண்டும்” என்பதும் பேச்சில் பக்கத்துப் பக்கத்து வீடு. சட்டத்தில் ஒன்று அதிகாரியின் விருப்பம், மற்றது அவர் கடமை. அந்த ஒரு சொல்லில் ஒரு விதவையின் பென்ஷன் நின்றுபோகலாம், வரவும் செய்யலாம். மாநிலச் சட்டத்தைத் தமிழில் இயற்றினாலும் 348ஆவது பிரிவின்படி ஆங்கில வடிவத்தையும் வெளியிட வேண்டும், ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமான வாசகம் அதுதான். ஆகவே இரண்டு மொழியிலும் கை தேர்ந்தவர்கள் வேண்டும். பெரியவளுக்குத் தமிழும் வரும், ஆங்கிலமும் வரும். பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய கட்டுரையை நீ அனுப்பினாயே, அதைப் படித்தபோதே எனக்கு இது தோன்றியது.

தனிநபர் மசோதா பற்றி அவள் ஏதோ கேட்டதாக எழுதியிருந்தாய். திருச்சி சிவா திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகக் கொண்டுவந்த மசோதாவை அவளைப் படிக்கச் சொல். 2015 ஏப்ரல் 24, ஒரு வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் நிறைவேறியது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினரின் மசோதா அந்த அவையில் நிறைவேறியது 45 ஆண்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மக்களவையில் அது சட்டமாகவில்லை, அரசு தானே வேறொரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இல்லாமல் இது நகர்ந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

வேலை கிடைக்குமா என்பதுதானே உன் உண்மையான கவலை. ஆரம்பத்தில் பெரிய சம்பளம் வராது, அதை மறைக்க மாட்டேன். நாடாளுமன்றத்தின் இரண்டு செயலகங்களும் தேர்வு வைத்து ஆள் எடுக்கின்றன, ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்துக்கும் செயலகம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன, இன்றைக்கு 24 இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் தங்கள் செலவுக்குக் கேட்கிற தொகையை, உட்கார்ந்து அலசுவது அங்கேதான். 2018இல் மக்களவை எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அப்படிப்பட்ட வருடத்தில் குழுவின் அறிக்கை ஒன்றுதான் மிச்சம். அந்தக் குழுக்களுக்குப் பின்னால் படித்த ஆட்கள் போதவே போதாது. உறுப்பினர்களுக்கோ சொந்தமாக ஆய்வு உதவியாளர் என்று பெரும்பாலும் யாரும் இல்லை.

அந்தக் குறைக்காகத்தான் பி.ஆர்.எஸ். என்கிற ஆய்வு அமைப்பு 2010 முதல் லாம்ப் என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. 25 வயதுக்குள் இருக்கிற பட்டதாரிகள் ஓர் உறுப்பினரோடு சேர்ந்து, மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரை, கேள்வி தயாரிப்பது, பேச்சுக்குக் குறிப்பு எடுப்பது என்று வேலை செய்வார்கள். உதவித்தொகை உண்டு. முதுநிலைப் படிப்புக்கு முன்னால் அவள் இதற்கு விண்ணப்பிப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. கையால் செய்துவிட்டுப் புத்தகத்துக்குப் போனால் எதுவும் மறக்காது. நாடாளுமன்றமே நடத்துகிற பயிற்சி நிறுவனம் ஒன்று 1976 முதல் இருக்கிறது, இப்போது பிரைட் என்று பெயர். வெளிநாட்டு நாடாளுமன்ற அலுவலர்கள்கூட அங்கே வந்து படிக்கிறார்கள். நைஜீரியாவில் அவர்கள் தேசியச் சட்டமன்றத்தின் ஆய்வு நிறுவனம் பெனின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதற்கென்றே முதுநிலைப் பட்டம் நடத்துகிறது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் அந்த அளவுக்கு ஒன்று வர வேண்டும் என்று நான் பாடத்திட்டக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். விட மாட்டேன்.

என்னிடம் படித்தவர்களில் ஒரு பெண் இப்போது ஓர் உறுப்பினர் அலுவலகத்தில் இருக்கிறாள். கூட்டத்தொடர் நாட்களில் இரவு பதினொரு மணிக்கு ஃபோன் செய்து, “மேடம், இந்த வரி அனுமதிப்பார்களா?” என்று கேட்பாள். தூக்கம் கலைந்தாலும் எனக்கு அது பிடித்த ஃபோன்.

பொங்கல் லீவில் இரண்டு பேரும் வாருங்கள். அம்மாவும் பார்த்த மாதிரி இருக்கும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. பெரியவளிடம் ஒன்று சொல். வரும்போது அவளுக்கு ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி, மத்திய அரசின் பொறுப்பில் வருவதாகப் பார்த்து, ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும். 150 சொல்லுக்குள். சிவப்புப் பேனா நான் வைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு என் அன்பு. மாமியாரைக் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன்
தமயந்தி