கால்நடை மருத்துவ மாணவர்களோடு யார் உட்கார்ந்து பேசுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தரவரிசைப் பட்டியல் வந்தால் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாரும் போடுவது கட் ஆஃப் எவ்வளவு, முதலிடம் எந்த ஊர், இடங்கள் எத்தனை என்பதைத்தான். உள்ளே போன பிள்ளைகள் அந்த ஐந்தரை வருடத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. 2024 பிப்ரவரியில் கேரளத்தில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் இறந்து, விசாரணை சிபிஐ வரை போனபோது கொஞ்ச நாள் பேசினோம், அதுவும் ராகிங் என்ற ஒரே கோணத்தில். ராகிங் ஒழிய வேண்டும், சரி. ஆனால் ராகிங்கே இல்லாத விடுதியிலும் பிள்ளைகள் உள்ளுக்குள் உடைந்துபோகிறார்கள். நான் கிராமத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் கால்நடை உதவி மருத்துவர், பயிற்சி மாணவர்கள் என்னிடம் வந்து போவதுண்டு. பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்துபோன கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அங்கே பொதுமக்களோடு ஒப்பிட்டால் இந்தத் தொழிலில் தற்கொலை ஆண்களிடம் 2.1 மடங்கு, பெண்களிடம் 3.5 மடங்கு. காரணம் கேட்டால் படிப்புக் கடனையும் சேர்த்துச் சொல்வார்கள். நம் அரசுக் கல்லூரியில் கட்டணம் அந்த அளவுக்குக் கழுத்தை நெரிப்பதில்லை, இங்கே சுமை வேறு மாதிரி. டாக்டர் சீட்டு கைநழுவி இங்கே வந்த பிள்ளையிடம் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "அடுத்த வருசம் நீட் எழுதலையா?" என்று கேட்க ஒரு மாமா இருக்கிறார். மனித மருத்துவத்தில் உடற்கூறியல் என்றால் ஒரே உடம்பு. இங்கே மாட்டைப் படித்து முடித்துக் குதிரை, நாய், பன்றி, கோழி என்று ஒவ்வொன்றும் எதில் வேறுபடுகிறது என்று படிக்க வேண்டும். 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு நல்ல காரியம், எத்தனையோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதில் உள்ளே வந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை முதல் வாரமே ஆங்கிலமும் லத்தீனும் கலந்த எலும்புப் பெயர்களுக்கு நடுவே உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவனுக்கு எல்லாம் புரிகிறது, நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. வாய் திறந்து யாரிடமும் சொல்வதும் இல்லை.

இதெல்லாம்கூட சமாளித்துவிடலாம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சாவைப் பற்றி.

கன்று போட்ட மறுநாள் ஒரு கலப்பினப் பசு எழுந்திருக்கவில்லை என்று மாலையில் போன் வந்தது. பால் காய்ச்சல்தான், பார்த்தவுடனே தெரிந்தது. பெயர்தான் காய்ச்சல், கன்று போட்ட மாட்டுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோகும் நோய் அது. கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது, காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். கால்சியத்தை நரம்பில் வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும் என்பதால், என்னோடு வந்த பயிற்சி மாணவி ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே பாட்டிலை மெதுவாகத்தான் இறக்கினார், பக்கத்திலேயே நான் நின்றேன். முறையில் ஒரு குறையும் இல்லை. பாதிப் பாட்டிலில் பசு போய்விட்டது. 70,000 ரூபாய் மாடு, அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வருமானம். அந்த அம்மா அழுதுகொண்டே, "சின்னப் புள்ளைய விட்டு ஊசி போட வச்சுட்டீங்களே சார்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பைக்கில் திரும்பும்போது அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மருந்தகத்துக்கு வந்த பிறகுதான், "சார், நான் வேகமா விட்டுட்டேனா?" என்று கேட்டார். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து பேசினோம். மாடு எத்தனை மணி நேரம் விழுந்து கிடந்தது, நாம் போனபோது இதயத் துடிப்பு எப்படி இருந்தது, பாட்டில் எவ்வளவு நேரம் ஓடியது, வேறு யார் போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. மறுநாள் வேலைக்கு வந்தார். வராமல் இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

இந்தப் பேச்சு எந்தப் பாடத்திட்டத்தின் பேராலும் நடந்ததல்ல. பயிற்சிப் பதிவேட்டில் நோய், மருந்து, அளவு எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். விலங்கு இறந்தால் அன்றைக்கே மூத்த மருத்துவர் மாணவரோடு உட்கார்ந்து பேசினாரா என்று ஒரு வரி சேர்த்தால் அரசுக்குப் பைசா செலவில்லை. கருணைக்கொலையும் அப்படித்தான். எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைக்குத் தன் கையால் ஓர் உயிரை முடித்துவைக்கும் வேலை கிடையாது, எங்கள் பிள்ளைக்கு உண்டு. வண்டி ஏறி முதுகெலும்பு நொறுங்கிய நாய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லித் தருகிறோம். அதை வளர்த்தவரிடம் எப்படிச் சொல்வது, சொல்லிவிட்டு வந்து ராத்திரி எப்படித் தூங்குவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. "இதுக்கே அழுதா எப்படி டாக்டராவ?" என்று ஒரு வசனம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா, நாங்கள் நன்றாக இல்லையா என்று கேட்கும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். நன்றாக இருந்தவர்கள் கேட்கிறார்கள். குடித்தே வேலையைத் தொலைத்தவர்கள் கேட்க வருவதில்லை.

100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், அதை ஒவ்வொரு விடுதியிலும் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். அப்புறம் ஒன்று. ஆலோசகர் என்ற பெயரில் ஏதோ ஒரு உதவிப் பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்து உத்தரவு போட்டுவிட்டுக் கணக்குக் காட்டாதீர்கள். தனக்கு இன்டர்னல் மார்க் போடுபவரிடம் போய் எந்தப் பிள்ளையும் "சார், எனக்கு முடியல" என்று சொல்லாது.

இப்படிக்கு,
ஒரு கால்நடை உதவி மருத்துவர்,
நாமக்கல் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)