நார்வேயின் பெர்கனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, திட்டாதே. போனில் பேசினால் அம்மா அழுகிறாள், நீ சமாதானம் சொல்கிறாய், ஒரு விஷயமும் பேசி முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். ரூம் சின்னதுதான், ஹீட்டர் இருக்கிறது, ஜூலையிலும் அது வேண்டியிருக்கிறது. மழை எப்படி என்று கேட்டிருந்தாய். இங்கே மழை பெய்வதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நின்றால்தான் பேச்சு. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாததால் தூக்கம் கொஞ்சம் குறைவு, வேறொன்றுமில்லை. வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் மார்க்கெட், பல நூறு வருஷப் பழசு. நம்ம பெங்களூர் ரசல் மார்க்கெட் மாதிரி இருக்கும் என்று ஆசையாகப் போனேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை அக்கா, ஒரு செதில் இல்லை, கூப்பாடு இல்லை. பெரிய கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் சால்மனை போட்டோ எடுக்கிறார்கள். விலையை அட்டையில் எழுதி வைத்துவிட்டால் அப்புறம் பேரம் எங்கே? நான் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். தக்காளிச் சாறில் போட்ட மாக்கரல் டின் ஒன்று உண்டு, பங்டா, அதாவது கானாங்கெளுத்தி ஜாதிதான், இந்த ஊர்க்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். நான் புளியும் உன் மிளகாய்ப் பொடியும் போட்டுக் கொதிக்கவிட்டால் குழம்பு. சீக்கிரம் ஆகிவிடுகிறது, அதனால் பெரும்பாலும் அதுதான்.

கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? 1980களில் வந்தவர். அப்போது இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஃபாக்டரி வேலைக்குப் போனார்கள், இவரும் அங்கே காட் மீன் வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. படகுக்காரர்கள் ஒதுக்குகிற தலைகளைக் கேட்டு வாங்கி வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்து செவுள் எடுப்பார், மேல் வீட்டு அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும்போது அவள் பாஷையிலேயே அவளுக்குச் சமையல் குறிப்பு சொல்வார். எனக்கும் ரெண்டு தலை தருவார். மீந்துபோகிறதே என்று வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே கடலில் தூண்டில் போடச் சீட்டு எதுவும் வேண்டாம், ஆறு ஏரிக்குத்தான் வேண்டும். அவரோடு ஒரு ஞாயிறு போனேன். "தம்பி, மீனுக்கும் காது கேக்கும், கொஞ்சம் கதைக்காம நில்லும்" என்றார். நான் ஓயாமல் பேசியது அலசூர் ஏரியைப் பற்றித்தான். குருத்வாரா பக்கத்துக் கரை, மூங்கில் குச்சி, மைதா உருண்டை, நீ காவல், நான் தூண்டில். பட்டாளத்துக்காரர்கள் நீச்சல் பழகுகிற பக்கம் போனால் விசில் ஊதி விரட்டுவார்கள். கிடைத்ததெல்லாம் உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டை. அதை நீ பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா அடிக்கக்கூட இல்லை, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மங்களூர் லாரியிலும் மெட்ராஸ் லாரியிலும் கடல் மீன் இறக்குகிறவன் பிள்ளைகள் சாக்கடை மீன் பிடிப்பதா! அம்மா அதைப் பூனைக்குப் போட்டாள், பூனையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் இருட்டிலேயே நம்மை எழுப்பி மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாரே. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருந்தால் மட்டும் விலை கேள் என்றார். தமிழில் விலை சொல்லி, உருதுவில் குறைத்து, கன்னடத்தில் சத்தியம் செய்வார், மீன் அதற்குள் பையில் விழுந்திருக்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் வஞ்சிரம் துண்டு போட்டே அவர் கை மரத்துப்போகும். அந்த நாற்றத்துக்காக ஸ்கூலில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், இப்போது அதுவே வேண்டியிருக்கிறது. அக்கா, எனக்கு அங்கே வந்துவிட வேண்டும்போல இருக்கிறது.

சரி, கடை விஷயம். பெரிய மாமா கைமாற்றிவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். எதிலும் கையெழுத்துப் போடாதே, அம்மாவையும் போட விடாதே. 1927-இல் கட்டின மார்க்கெட், 2012-இல் தீப்பிடித்து எத்தனையோ கடை கருகியும் திரும்ப எழுந்து நின்றது, கொஞ்ச நாள் வியாபாரம் டல்லடித்தால் மாமாவுக்கு என்ன அவசரம்? மீன் வெட்டுகிற பையனுக்குச் சம்பள பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுக்கச் சொல். வாடகை ரசீதுகள் அப்பாவின் இரும்புப் பெட்டியில் பச்சை ஃபைலில் இருக்கும், எடுத்து உன் வீட்டில் வை. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேள். அவருக்கு மாமாவைக் கண்டால் ஆகாது, அதனால் உண்மையைச் சொல்வார்.

இந்த மாசப் பணம் கொஞ்சம் தள்ளி வரும், வங்கியில் ஏதோ மாற்றுகிறார்கள். பாப்பாவின் ஃபீஸுக்கு அவசரம் என்றால் என் சங்கிலியை அடகு வை, நான் மீட்டுத் தருகிறேன். செப்டம்பர் 8 மாதா தேருக்கு வருவேனா என்று அம்மா கேட்டால் லீவு இல்லை என்று சொல், டிக்கெட் பேச்சே எடுக்காதே. கண் ஆபரேஷனைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடித்துவிடு. எந்தத் தேதி சொன்னாலும் அன்றைக்கு உபவாசம் என்பாள், நம்பாதே.

உன் தம்பி

பி.கு.: புளி அனுப்பாதே, இலங்கைக் கடையில் கிடைக்கிறது. மிளகாய்ப் பொடி மட்டும் அனுப்பு, அதோடு அந்த ரசீதுகளின் ஜெராக்ஸையும் வை.