சத்தம் வராத வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லோரும் சுகந்தானே. போன வாரம் போனில் “போலீஸ் வண்டி கட்டுகிறேன்” என்று சொன்னதும் அம்மா பேசாமல் போனை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இரும்புத் தகடு, மேலே துப்பாக்கி என்று ஏதோ நினைத்துக்கொண்டாள் போல. இதைப் போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் வண்டியில் துப்பாக்கி கிடையாது. ஒருவன் யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிக்கொள்கிறான், இல்லை தன்னையே மாய்த்துக்கொள்வேன் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் மணிக்கணக்காகப் பேச இங்கே அமெரிக்கப் போலீஸில் தனிக் குழு உண்டு. அவர்கள் உட்கார்ந்து பேசுகிற அறையைத்தான் கட்டுகிறோம். அறைக்குக் கீழே சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், வேலை சொல்லித் தருவதை விடக் கதை சொல்வதில் கெட்டிக்காரர். இப்படிப் பேசுகிற குழு வந்த கதையை அவர்தான் சொன்னார். 1971-இல் நியூயார்க் மாநிலத்து அட்டிகா சிறையில் கைதிகள் காவலர்களைப் பிணைபிடித்தபோது, போலீஸ் சுட்டுக்கொண்டே உள்ளே புகுந்ததில் 39 பேர் செத்தார்கள். மறு வருஷம் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பிணைபிடித்ததும், மீட்கப் போன இடத்தில் பிணையாட்கள் எல்லோரும் செத்ததும் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நாலு பேர் துப்பாக்கியோடு ஆட்களைப் பிடித்துவைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் ஆரம்பத்திலேயே பலியானார். ஆனாலும் அவசரப்பட்டு உள்ளே பாயாமல் 47 மணி நேரம் காத்திருந்தார்கள். பிணையாட்கள் மாடி வழியே தப்பிவிட, நாலு பேரும் சரணடைந்தார்கள். அந்த வருஷமே நியூயார்க் போலீஸில் பேச்சுக்கென்று தனிக் குழு வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹார்வி ஷ்லாஸ்பெர்க், போலீஸ்காரராக இருந்துகொண்டே உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். குழுவின் வாசகமே “என்னோடு பேசு” என்பதுதான்.

இனி வண்டிக்கு வருகிறேன். லாரி சேஸிஸ் மேல் அலுமினியப் பெட்டி ஏற்றி, உள்ளே இரண்டாகத் தடுக்கிறோம். ஒரு பக்கம் பேசுகிறவர்கள், மறு பக்கம் அதிகாரி. பேசுகிறவர் உத்தரவு போடக் கூடாது, உத்தரவு போடுகிறவர் பேசக் கூடாது என்பது இவர்களிடம் எழுதாத சட்டம். “அதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்ல முடிந்தால்தானே நேரம் கிடைக்கும்? அதனால் நடுவில் கனமான கதவு. அதிகாரிக்கு ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும், அவர் குரல் மட்டும் இந்தப் பக்கம் வராது.

பேசுகிறவருக்குப் பக்கத்திலேயே துணைக்கு ஒருவர் உட்காருவார். அவர் வாய் திறக்க மாட்டார், துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துவார். சுவர் முழுக்க எழுதி அழிக்கிற பலகை. உள்ளே இருப்பவன் பேர், என்ன மருந்து சாப்பிடுகிறான், யார் பேரைச் சொன்னால் கோபப்படுகிறான், எத்தனை மணிக்கு என்ன கேட்டான் எல்லாம் அதில் ஏறும்.

நாங்கள் உயிரைக் கொடுத்துச் செய்வது சத்தத்தைக் கொல்லும் வேலை. சுவருக்குள் ஈயம் போல் கனமான வினைல் விரிப்பு, சதுர அடிக்கு ஒரு பவுண்டு. அதை இஷ்டத்துக்கு ஒட்டவும் முடியாது. வண்டி 26,000 பவுண்டைத் தாண்டினால் ஓட்டுகிறவருக்குக் கனரக உரிமம் வேண்டும் என்ற பேச்சு வந்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட்டுத்தான் ஏற்றுகிறோம். ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர். போன மாதம் வண்டியைப் பார்க்க வந்த ஒரு பெண் போலீஸ் அதிகாரி கணினியையும் கேமராவையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம். அப்புறம் லேசாகப் பின்னால் சாய்ந்து, “இது கிறீச்சிடுகிறது” என்றார். அன்றைக்கே எல்லா நாற்காலியையும் மாற்றினோம். ஒருவன் முணுமுணுப்பதைக் கேட்கத்தான் அவர் அங்கே உட்காரப் போகிறார். அவர் சொன்னது நியாயம்தான்.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக ஒயரிங் செய்த முதல் வண்டி. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகக் கட்டி ஒரே குழாயில் விட்டிருந்தேன். ஹெட்செட்டைப் போட்டால் விடாமல் ஒரு இரைச்சல். இங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம் ஊர் 50-ஐ விடக் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ரீங்காரம். உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. கரண்டுக் கம்பியை ஒட்டி டெலிபோன் கம்பி போனால் லைன் இரையும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! லைன்மேன் மகன் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். பேனலையெல்லாம் கழற்றி, இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு பக்கம் விட இரண்டு நாள் ஆனது. யாரும் திட்டவில்லை. மூத்தவர் மட்டும் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்ம்” என்றார்.

இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். இவ்வளவு முன்னேறிய நாட்டில் இந்த வேலைக்கு இன்னும் கம்பி போட்ட டெலிபோன்தான். பெட்டிக்குள் ஒரு போன், பின்னால் நீளமான கேபிள். பெட்டியை அந்த வீட்டு ஜன்னல் வழியே எறிவார்கள், இல்லை ரோபோ கொண்டுபோய் வைக்கும். செல்போன் என்றால் சார்ஜ் தீரும், மச்சான் கூப்பிடுவான், டிவிக்காரன் கூப்பிடுவான். இதை எடுத்தால் ஒரே ஒரு ஆள்தான் வருவார். பெட்டியில் ஒளித்துவைத்த மைக் வேறு, போனைக் கீழே வைத்தாலும் அந்த அறையில் நடப்பது வண்டிக்குள் கேட்கும். நான் எதையாவது தொட்டுப் பார்த்து உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன் என்றால் அது இந்தப் பெட்டிதான்.

மற்றபடி மிச்சிகன் குளிர் பழகிவிட்டது. பனியில் பட்டறைக் கதவைத் திறந்தால் விரல் விறைத்து ஸ்குரூ கீழே விழும், அவ்வளவே. அளவெல்லாம் அடி, அங்குலம், அதிலும் பதினாறில் ஒன்று என்று பின்னம். உங்களுக்கு இங்கே சிரமமே இருக்காது. சனிக்கிழமை அறையில் தனியாக இருக்கும்போதுதான் நாள் நீளமாகத் தெரிகிறது. அம்மாவிடம் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.

ஒரு உதவி வேண்டும். அந்தப் போன் கேபிள் சுற்றுகிற டிரம்மை அடுத்த வண்டிக்கு நான்தான் வடிவமைக்கிறேன். வேகமாக இழுத்தால் முறுக்கு விழுந்து நடுவில் சிக்குகிறது. நீங்கள் டிரம் இல்லாமலே கம்பியைத் தரையில் எட்டுப் போலப் போட்டு வைப்பீர்களே, ஒரே ஆளாக இழுத்தாலும் சிக்காமல் வருமே, அதில் முதல் சுற்று எந்தக் கைப்பக்கம் ஆரம்பிக்கும்? தங்கச்சியை விட்டு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்